தெரிந்த சொல் என்று கடந்து போன இடங்கள்: ஒரு வாசகரின் சொல் கற்றல் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு வாசகரைப் பற்றியது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட, நாளேட்டையும் வார இதழையும் தடையின்றி வாசிக்கக்கூடிய, 40 வயதைக் கடந்த அவர், ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய ஓர் உரைநடைக் கட்டுரைத் தொகுப்பை முழுதும் வாசித்து முடிக்க விரும்பினார். இருமுறை தொடங்கி, இருமுறையும் நடுவில் நிறுத்தியிருந்தார். மூன்றாம் முறை என்னைத் துணைக்கு அழைத்தார். வாரம் ஒருமுறை என்று ஆறு மாத காலம் நாங்கள் சேர்ந்து வாசித்தோம். அவருடைய பெயரையும் நூலின் பெயரையும் இங்கே குறிக்கவில்லை. எடுத்துக்காட்டாக வரும் தொடர்கள் நூலிலிருந்து எடுத்தவை அல்ல. அவர் தடுமாறிய சொற்களை வைத்து, அதே அமைப்பில் நான் எழுதியவை.

வாசிக்கும்போது எதிர்ப்படும் புதிய சொற்களை எப்படிக் கற்பது என்பதே எங்கள் தொடக்கக் கேள்வியாக இருந்தது. ஆறு மாத முடிவில் என் கவனம் வேறோர் இடத்தில் நிலைத்துவிட்டது. அவருடைய வாசிப்பைத் தடுத்தவை தெரியாத சொற்கள்தாம். ஆனால் அதைத் திசை மாற்றியவை, தெரியும் என்று அவர் நம்பியிருந்த சொற்கள். அதைக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடக்க நிலை

முதல் சந்திப்பில், நூலின் முதல் பத்துப் பக்கங்களைத் தனியே வாசித்து, தெரியாத சொற்களின் கீழ் கோடிட்டு வரும்படி கேட்டுக்கொண்டேன். பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொற்கள் கொண்ட நூல் அது. பக்கத்துக்கு ஐந்து அல்லது ஆறு கோடுகள் இருந்தன. அதாவது, பக்கத்திலுள்ள சொற்களில் 97 விழுக்காடு அவருக்குத் தெரிந்தவை.

இந்த எண் என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் எத்தனை விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை மொழிகற்றல் ஆய்வாளர்கள் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். 1989இல் பாட்டியா லாஃபர் 95 விழுக்காட்டை எல்லையாக முன்வைத்தார். 2000இல் ஹூ, பால் நேஷன் ஆகிய இருவரும் ஒரு கதைப் பகுதியில் சில சொற்களை நீக்கி, அவ்விடங்களில் பொருளற்ற செயற்கைச் சொற்களை இட்டு வாசிக்கச் செய்து, எவர் துணையும் இன்றிப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு தேவைப்படும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இருபது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருப்பதற்கும் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு வாசிப்பவருக்கு மிகப் பெரியது. இவை ஆங்கிலம் கற்போரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள். ‘போகாதவர்களுக்கும்’ என்று ஒரே சொல்லில் எதிர்மறை, பன்மை, வேற்றுமை, உம்மை எல்லாவற்றையும் அடுக்கும் தமிழுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த இயலாது என்பதால், அடிச்சொல் தெரிந்திருந்தால் சொல் தெரிந்ததாகவே கணக்கிட்டோம். அப்படிக் கணக்கிட்டும் அவர் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நின்றார். கடினமாக இருக்கலாம், கைவிட்டுப் போகும் அளவுக்குக் கடினமாக இருக்க வழியில்லை. இருமுறை ஏன் நின்றுபோயிற்று?

அவர் சொன்ன காரணம் எளியது. ஒவ்வொரு கோட்டுக்கும் கைப்பேசியில் அகராதியைத் திறந்தார். பொருளை ஒரு குறிப்பேட்டில் எழுதினார். மணி நேரத்துக்கு நான்கைந்து பக்கங்களே நகர்ந்தன. இரண்டு வாரம் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டினால், எழுதிய சொற்களில் பாதி முதன்முறை காண்பவை போலத் தோன்றின. இந்தச் சோர்வு எனக்கு நன்கு தெரிந்த ஒன்று. எனவே அதுவே முழுக் காரணம் என்று நானும் நம்பிவிட்டேன்.

என் முதல் அறிவுரை

அகராதியை மூடி வையுங்கள், சூழலைக் கொண்டு பொருளை ஊகித்துக்கொண்டு மேலே செல்லுங்கள் என்று சொன்னேன். சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போது தாமாகவே படிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த உண்மை மெல்ல வேலை செய்வது. நாகி, ஆண்டர்சன், ஹெர்மன் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பான வாசிப்பில் ஒரு புதிய சொல்லை ஒருமுறை சந்தித்து அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்று. நிறைய வாசிப்பவருக்கு இருபதில் ஒன்றும் பெரிய வரவுதான். ஒரே நூலை வாசித்து முடிக்க முயல்பவருக்கு அது போதாது. அந்நூலின் அரிய சொற்களில் பெரும்பாலானவை ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே தலைகாட்டும்.

எனினும் வேகம் கூடியது. அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு முழுக் கட்டுரையை ஒரே அமர்வில் வாசித்து முடித்துவிட்டு, சுருக்கத்தை வாய்மொழியாகச் சொன்னார். செல்வரும் ஏழையரும் எப்படிப் பழக வேண்டும், வறியவர் முன்னிலையில் செல்வர் தம் குறைகளைப் பேசுவது ஏன் பண்பன்று என்பது பற்றிய கட்டுரை என்று தெளிவாகவும் நம்பிக்கையுடனும் விளக்கினார்.

கட்டுரை அதைப் பற்றியது அன்று. உறவினரிடம் காட்ட வேண்டிய நெருக்கமும் அயலாரிடம் கடைப்பிடிக்க வேண்டிய அளவும் பற்றியது.

ஏதிலார்

அந்தக் கட்டுரையில் இவ்வாறு அமைந்த ஒரு தொடர் உண்டு: “தம் குடும்பத்து நலிவை ஏதிலார் முன் எடுத்துரைக்க அவர் நாணினார்.” இதை வாசித்துக் காட்டி, இதில் எந்தச் சொல்லை ஊகித்தீர்கள் என்று கேட்டேன். அவர் தொடரை மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

“ஐயா, இதில் எனக்குத் தெரியாத சொல்லே இல்லையே.”

பக்கத்தைப் பார்த்தேன். உண்மைதான். அங்கே கோடு எதுவும் இல்லை. ‘ஏதிலார்’ என்பதை அவர் ‘ஏது இலார்’ என்று பிரித்து, ஏதும் இல்லாதவர், ஆகவே ஏழையர் என்று கொண்டிருந்தார். அது அவருக்கு ஊகமாகவே தோன்றவில்லை. கண் பட்டவுடன் பொருளாகவே வந்து நின்றது. ஏழைகள் முன் தன் துன்பத்தைச் சொல்ல ஒருவர் நாணுவது இயல்பானதே என்பதால் தொடரும் அவரை மறுக்கவில்லை. அச்சொல் அடுத்த பக்கங்களில் இன்னும் நான்கு இடங்களில் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் அந்தத் தவறான பொருள் சற்றே நெளிந்து கொடுத்துப் பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவருடைய நம்பிக்கை வலுப்பெற்றது. கட்டுரை முழுவதும் வேறொரு கட்டுரையாக உருமாறிவிட்டது.

ஏதிலார் என்றால் அயலார், தொடர்பில்லாதவர். 190ஆம் குறள் ‘ஏதிலார் குற்றம்போல்’ என்று தொடங்குவதை நினைவூட்டியதும் அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் அது. பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தைக் காண வேண்டும் என்ற அதன் கருத்தும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கருத்தில் ‘பிறர்’ என்ற பகுதி எந்தச் சொல்லிலிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பலரும் பார்த்திருக்க மாட்டோம். முழுக் குறளின் கருத்து கையில் இருக்கும்போது தனிச்சொல்லைப் பார்க்கத் தேவை எழுவதில்லை.

அன்றைய சந்திப்பின் மீதி நேரம் முழுவதையும் பழைய பக்கங்களிலேயே செலவிட்டோம். கோடு இடாத சொற்களை மட்டும் நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவர் பொருள் சொன்னார். ‘கழிபேருவகை’ என்பதைக் கழிந்துபோன பெருமகிழ்ச்சி என்றார். அங்கே கழி என்பது மிகுதியைக் குறிப்பது. அளவு கடந்த மகிழ்ச்சி என்பதே பொருள். ‘நல்லோர் நட்பு அவருக்கு ஏமாப்பாயிற்று’ என்பதை, நட்பில் ஏமாற்றமடைந்தார் என்று கொண்டிருந்தார். ஏமாப்பு என்பது அரண், பாதுகாப்பு. பொருள் நேர் எதிராகப் புரண்டுவிட்டது. ‘வறிது நகைத்தார்’ என்பது அவருக்கு வறட்டுச் சிரிப்பு. உண்மையில் சிறிதே சிரித்தார். ‘ஆண்டுச் சென்றார்’ என்பதில் அங்கே என்ற பொருளுக்குப் பதில் வருடம் வந்து உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்டவற்றையும் தெரியாத சொற்களோடு சேர்த்து எண்ணினோம். பக்கத்துக்கு ஐந்தாறாக இருந்த எண்ணிக்கை பதினொன்று, பன்னிரண்டு என்று இருமடங்காயிற்று. 97 விழுக்காடு என்று நாங்கள் கணக்கிட்டது 94ஆகக் குறைந்தது. முன்னிரு முயற்சிகளும் ஏன் நின்றுபோயின என்ற கேள்விக்கு அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. அகராதியைப் புரட்டிய சோர்வு ஒருபுறம் இருக்க, எல்லாச் சொல்லும் தெரிந்தும் கட்டுரை ஏனோ தெளிவாகவில்லையே என்ற மனக்குழப்பமே அவரை விலக்கியிருக்க வேண்டும். இது தன் அறிவின் குறை என்று அவர் எண்ணியிருந்தார். அவ்வாறு எண்ணிக்கொண்டு நல்ல நூல்களை மூடி வைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இவ்வகைச் சொற்களைப் பற்றி லாஃபர் 1997இல் விரிவாக எழுதியிருக்கிறார். பகுதிகளாகப் பிரித்தால் பொருள் தெரிவதுபோல் தோற்றம் தருபவை, தெரிந்த சொல்லின் ஒலியை ஒத்திருப்பவை, தெரிந்த ஒரு பொருளோடு தெரியாத இன்னொரு பொருளும் கொண்டவை என அவர் காட்டும் வகைகள் அனைத்துக்கும் எங்கள் பட்டியலில் சொற்கள் இருந்தன. ஏதிலார் முதல் வகை, ஏமாப்பு இரண்டாவது, ஆண்டும் கழியும் மூன்றாவது. தெரியாத சொல்லாவது வாசகரை நிறுத்தி உதவி தேட வைக்கும். இவை நிறுத்துவதே இல்லை.

உரிச்சொற்களின் பொருளைச் சொல்லும் தொல்காப்பியத்தின் உரியியல் இங்கே நினைவுக்கு வருகிறது. பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்திப் பொருள் உரைக்க வேண்டும் என்றும், வெளிப்படையான சொற்களுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை என்றும் அது வகுத்துச் சொல்கிறது. வறிது என்பதற்குச் சிறிது என்று பொருள் தருவதும் அதே இயல்தான். பயிலாததைப் பயின்றதோடு சார்த்துவதைத்தான் எங்கள் வாசகரும் செய்தார். ஆனால் அவர் சார்த்தியது ஒலியை வைத்து. மேலும், ஒரு சொல் வெளிப்படையானதா இல்லையா என்று முடிவு செய்யும் இடத்திலேயே அவர் வழுக்கிவிட்டார். நான் கொடுத்த அறிவுரையில் அதற்குக் காப்பு எதுவும் இல்லை. ஊகிக்கச் சொன்னேனே தவிர, ஊகம் நடப்பதையே உணராத இடங்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மாற்றிக்கொண்ட முறை

கோடுகளை நிறுத்திவிட்டு இரண்டு குறிகளை வைத்துக்கொண்டோம். அறவே தெரியாத சொல்லுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. தெரிந்த சொல்லாக இருந்தும், அந்தத் தொடரில் அது சிறிதளவேனும் இடறினால் ஒரு வினாக்குறி. வழக்கமாக வரும் உருவில் இல்லாமை, எதிர்பாராத இடத்தில் நிற்றல், தொடரின் பொருள் முன்பின்னாக இழுபடுதல் ஆகியவற்றையே இடறல் என்று கொண்டோம். புள்ளியிட்ட சொல்லுக்கு அகராதியை உடனே திறப்பதில்லை. இரண்டாம் முறை வந்தாலோ, அச்சொல் இல்லாமல் தொடரே விளங்காமல் போனாலோ மட்டும் பார்ப்பது. வினாக்குறியிட்ட சொல்லை அன்றே பார்த்துவிடுவது. பலரும் செய்வதற்கு இது நேர்மாறானது என்பதை அறிவேன். புதிய சொல்லைக் காத்திருக்க வைத்துவிட்டு, பழகிய சொல்லுக்காக அகராதியைத் திறப்பது முதலில் அவருக்கும் வீண் வேலையாகவே பட்டது.

அகராதியைத் திறக்கும் முன் தன் ஊகத்தை ஓரத்தில் எழுதிவிட வேண்டும் என்பது மற்றொரு கட்டுப்பாடு. எழுதாத ஊகம், அகராதியின் பொருளைக் கண்டவுடன் ‘நானும் இதைத்தானே நினைத்தேன்’ என்று மாறிக்கொள்ளும். பென்சிலால் எழுதிய ஊகம் அப்படி மாறாது. ஊகத்துக்கும் பொருளுக்கும் இடைவெளி பெரிதாக இருந்த சொற்களே அவர் நினைவில் நன்றாக நின்றன.

அகராதியைப் பார்ப்பதிலும் ஒரு தடை இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இன்று இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. ஆனால் அவர் ‘துய்த்தனர்’ என்று அப்படியே தட்டச்சு செய்து, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுவார். துய் என்ற அடியைக் கண்டுகொண்டால்தான் தலைச்சொல் கிடைக்கும். ‘நயந்து’ என்றால் நய, ‘உய்த்து’ என்றால் உய். ‘வாளாவிருந்தான்’ என்பதை வாளா, இருந்தான் என்று பிரித்த பிறகுதான் சும்மா இருந்தான் என்பது விளங்கும். அதுவரை அவர் அங்கே ஒரு வாளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் முழுவதும் புதிய சொற்களைக் குறைத்துக்கொண்டு, வினைச்சொல்லின் அடியைக் கண்டுபிடிப்பதையும் புணர்ந்து நிற்பதைப் பிரிப்பதையுமே பழகினோம். இந்தப் பயிற்சிக்குச் செலவான நேரம் பின்னர் பலமடங்காகத் திரும்பி வந்தது. புதிய சொல்லைக் கற்பதாக நாம் நினைக்கும் பல வேளைகளில், தேவைப்படுவது பழைய இலக்கணத்தின் ஒரு சிறு துண்டுதான்.

நினைவில் நிறுத்துவதற்கு, சொல்லை ஒருபுறமும் பொருளை மறுபுறமும் எழுதிய அட்டைகளை முதலில் பயன்படுத்தினோம். 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி மறதியின் வேகத்தை அளந்த நாள் முதல், இடைவெளி விட்டு மீள்பார்வை செய்வதன் பயன் அறியப்பட்டிருக்கிறது. அட்டைகளைப் பெட்டிகளாகப் பிரித்து, தெரிந்ததைத் தாமதமாகவும் தெரியாததை அடிக்கடியும் பார்க்கும் முறையை 1972இல் லைட்னர் பரப்பினார். அந்த இடைவெளி முறையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அட்டையின் பின்புறத்தில் இருந்த ஒற்றைச் சொல்தான் இடர் தந்தது. ‘கழி’ என்ற அட்டையில் ‘மிகுதி’ என்று எழுதி நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டவர், அடுத்த மாதம் ‘கழிமுகம்’ என்ற சொல்லைப் பெரிய முகம் என்று வாசித்தார். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அவர் ஒரு முகத்தைக் கண்டார். ஒரு தவறான உறுதி போய் இன்னொன்று வந்திருந்தது. ‘கடி’ என்ற ஒரே சொல்லுக்குக் காப்பு, கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை என 13 பொருள்களை நன்னூல் அடுக்குகிறது. அத்தகைய சொற்கள் மலிந்த மொழியில், பொருளை மட்டும் அட்டையில் எழுதி வைப்பது அரைகுறை அறிவையே வளர்க்கும் என்பது என் கருத்து.

ஆகவே அட்டையில் பொருளுக்குப் பதில் தொடரையே எழுதினோம். சொல் இருக்க வேண்டிய இடம் கோடாக விடப்பட்டது. மறுநாள் ஒருமுறை, மறுவாரம் ஒருமுறை, மறுமாதம் ஒருமுறை என்று நூலின் அதே பக்கத்துக்கும் திரும்பிச் சென்று அந்தப் பத்தியை வாசித்தார். பத்தி முழுவதையும் மீண்டும் வாசிப்பதால், முதல் வாசிப்பில் வினாக்குறி பெறாமல் தப்பிய சொற்களும் சில அகப்பட்டன.

விளைவு

ஐந்தாம் மாத முடிவில் நூலின் கடைசிக் கட்டுரைகளுக்கு வந்திருந்தோம். வேகத்தைப் பொறுத்தவரை, அகராதி இல்லாமல் ஓடிய மூன்றாவது வாரத்தின் வேகத்தை அவர் மீண்டும் எட்டவில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. சுருக்கங்கள் நேராகிவிட்டன. கட்டுரையாசிரியரோடு கருத்து வேறுபட்டு வாதிடவும் தொடங்கினார். பொருள் உறுதியாகக் கைவசம் இல்லாதவர் நூலோடு வாதிட முடியாது என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் பெரிதாக மதித்தேன்.

சில சொற்கள் கடைசிவரை ஒட்டவில்லை. நாள், பொழுது என்று பொருள்படும் ‘ஞான்று’ என்பதை எத்தனை முறை சந்தித்தாலும் ஞாலத்தோடு குழப்பிக்கொண்டார். ஈண்டு (இங்கே), ஆண்டு (அங்கே), யாண்டு (எங்கே) மூன்றையும் சேர்த்தே கற்பித்தது என் பிழை. ஒலியில் நெருங்கியவற்றை ஒரே நாளில் கொடுத்தால் ஒன்றை ஒன்று கலைத்துவிடும். முதலில் ஈண்டு மட்டும் நன்றாக ஊன்றட்டும் என்று விட்டு, சில வாரம் கழித்து மற்றவற்றைத் தந்திருக்க வேண்டும். வினாக்குறிகளில் பெரும்பகுதி தேவையற்றவை என்பதையும் பதிவு செய்கிறேன். ஐயுற்றுப் பார்த்த சொற்களில் பல, அவர் நினைத்த பொருளிலேயே இருந்தன. அந்த வீண் தேடல்களுக்காக நான் வருந்தவில்லை. அவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

முறையின் பெரிய எல்லை வேறு. இடறாத சொல்லுக்கு வினாக்குறி விழாது. ஏதிலார் போலத் தவறான பொருளிலும் தொடர் வழுவாமல் ஓடினால், வாசகருக்கு அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. அவற்றை வெளிக்கொணர்ந்தது அவர் தம் சொற்களில் சொன்ன சுருக்கமும், அதைக் கேட்க எதிரே ஒருவர் இருந்ததும்தான். தனியே வாசிப்பவருக்கு இதற்கு ஈடாக எதைச் சொல்வது என்று பலமுறை யோசித்தேன். கட்டுரையின் சாரத்தை எழுதி வைத்துவிட்டு, சில நாள் கழித்து மூலத்தோடு ஒப்பிடுவது ஓரளவு உதவும். எழுதியதற்கும் மூலத்துக்கும் இடையே எங்காவது ஒரு சிறு நெளிவு தென்படும். அங்கிருந்து பின்னோக்கிச் சென்றால் அந்தச் சொல்லைப் பிடித்துவிடலாம்.

கடைசிச் சந்திப்பில் இறுதிக் கட்டுரையை அவர் உரக்க வாசித்தார். ‘இறையும் அஞ்சாது அவைமுன் நின்றார்’ என்பது போன்ற ஓர் இடம் வந்தது. கடவுளுக்கும் அஞ்சாமல் நின்றார் என்று கொண்டாலும் தொடர் நேராகவே ஓடும். துணிவு மிக்க ஒருவரைப் பற்றிய பத்தி என்பதால் இன்னும் அழகாகவே ஓடும். அவர் அடுத்த தொடருக்குச் சென்றார். பாதியில் நிறுத்தினார். திரும்பி வந்து, ‘இறை’ என்ற சொல்லின் பக்கத்தில் வினாக்குறி இட்டு, ஓரத்தில் ‘கடவுள்?’ என்று எழுதிவிட்டு அகராதியைத் திறந்தார். சிறிதும் என்ற பொருள் அதில் கீழே இருந்தது.